உலைக்கு அருகே ஒரு துளை இயந்திரம்

ஐம்பது அறுபது வயதான தூண் துளை இயந்திரம் ஒன்றில் பல்சக்கரம் உடைந்தால், கோயம்புத்தூர்ப் பட்டறையில் எழும் முதல் கேள்வி, இதை யாரிடம் கொடுத்துச் செய்யலாம் என்பது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அதே சக்கரம் உடைந்தால், இது யாரிடம் கிடக்கும் என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். இந்த வேறுபாட்டைக் கைத்திறனோடு முடிச்சுப் போடுவது எளிது. பேசுபவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் கோயம்புத்தூர்க் கைக்கு ஈடில்லை என்பார்; இலங்கைக்காரர் என்றால் இல்லாமையில் வளர்ந்த மூளைக்கு ஈடில்லை என்பார். ஊர்ப் பெருமையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இரண்டிலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பழைய இயந்திரம் எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது, வார்ப்பிரும்பு உருக்கும் உலை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான். அந்த உலை பழைய இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் கொடுக்கிறது. அதே வாயால் பழைய இயந்திரத்தைத் தின்னவும் செய்கிறது. இந்த இரண்டாவது பாதியைக் கணக்கில் எடுக்காமல் இரு நாடுகளையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

இரு பக்கமும் பொதுவாக இருப்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். துளை இயந்திரத்தின் கணிசமான பகுதி எண்ணைச் சொல்லி வாங்கக்கூடியது. ஸ்பிண்டிலில் இருக்கும் பேரிங் 6204 என்றால், அதன் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47, தடிமன் 14. அதை எந்த நாட்டில் எந்த நிறுவனம் செய்தாலும் இதுதான் அளவு. ‘ஏ’ வகை வி-பெல்ட்டின் மேல் அகலம் 13 மி.மீ. அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1860களில் வகுத்த கூம்பு அளவு இன்றைக்கும் ஸ்பிண்டில் துளைகளில் மாறாமல் இருப்பதால், பழைய ஆங்கிலேய இயந்திரத்தில் இன்று வாங்கிய சக் கச்சிதமாக உட்காரும். இந்த வரைக்கும் கோயம்புத்தூருக்கும் கொழும்புக்கும் உள்ள வேறுபாடு விலையில் மட்டுமே. இந்தியாவில் பேரிங் ஜெய்ப்பூரிலும் புனேயிலும் செய்யப்படுகிறது, பெல்ட் மதுரையிலேயே செய்யப்படுகிறது. இலங்கைக்கு அவை டாலர் கொடுத்து வர வேண்டியவை. 2022இல் சில வாரங்களுக்குள் ஒரு டாலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது, எண்ணைச் சொல்லி வாங்கும் பொருள்கூட யோசித்து வாங்கும் பொருளானது. ஆனாலும் அது கிடைக்காத பொருள் அல்ல. உண்மையான பிரிவு தொடங்குவது எண் இல்லாத பாகங்களில்: மேசை, அதைத் தாங்கும் கை, தலைப்பகுதி, படிப்புல்லி, கூம்புப் பல்சக்கரம், ஊட்டத்துக்கான பற்சட்டம்.

இந்தப் பாகங்கள் விஷயத்தில் இந்தியாவின் பலம் தற்செயலாக வந்ததல்ல. விடுதலைக்குப் பின் இறக்குமதி உரிமம் இல்லாமல் பெரும்பாலான இயந்திரங்கள் உள்ளே வர முடியாத காலம் 1991 வரை நீடித்தது. 1953இல் பெங்களூரில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் கூட்டோடு அரசு இயந்திர நிறுவனமான எச்.எம்.டி. தொடங்கியது அதன் ஒரு முகம். பஞ்சாபின் பட்டாலாவிலும் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் சிறு பட்டறைகள் வெளிநாட்டு இயந்திரத்தைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தது அதன் இன்னொரு முகம். கோயம்புத்தூரில் பஞ்சாலைகளுக்கும் பின்னர் பம்புகளுக்கும் வார்ப்படம் தேவைப்பட்டதால் உலைகள் பெருகின. பம்பு உடலுக்காக எப்படியும் உருக்கப்போகும் இரும்பில் ஒரு கரண்டியைத் துளை இயந்திரத்தின் மேசைக்கு ஊற்றிக்கொள்வது அங்கே சாத்தியம். முறையும் சிக்கலானதல்ல. உடைந்த மேசையின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, எந்திரத்தில் கடைய வேண்டிய முகங்களில் மட்டும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டி வைத்து ஏற்றி, அதையே மணலில் அச்சாகப் பதித்துவிடுவார்கள். சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். எனவே 300 மி.மீ. மேசை 297 ஆகத் திரும்பி வரும். மேசைக்கு அது ஒரு குறையே அல்ல. பேட்டர்ன் செய்யும் தச்சரிடம் போனால், சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்துப் பிரிக்கப்பட்ட அளவுகோலை வைத்து அந்த மூன்று மில்லிமீட்டரையும் மீட்டுக் கொடுப்பார்.

இதில் உள்ள குறையைச் சொல்லாவிட்டால் ஒப்பீடு ஒருதலைப்பட்சமாகிவிடும். நகலெடுத்துச் செய்த இயந்திரங்களில் ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது. ஒரே பெயர்ப் பலகை கொண்ட இரண்டு துளை இயந்திரங்களை அருகருகே வைத்து மேசைகளை மாற்றிப் போட்டால், ஒன்று தூணில் ஏறாது, மற்றது ஆடும். ஒவ்வொன்றும் அதனதன் தூணுக்குக் கையால் பொருத்தப்பட்டதே காரணம். பல்சக்கரங்களில் தொல்லை இன்னும் நுட்பமானது. ஆங்கிலேய இயந்திரத்தின் 8 டி.பி. சக்கரம் (விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு எட்டுப் பல்) மெட்ரிக்கில் 3.175 மாட்யூல் (ஒரு பல்லுக்கு இத்தனை மி.மீ. விட்டம்). கையில் இருக்கும் 3 மாட்யூல் கட்டரால் வெட்டிக் கொடுத்துவிட்டால் பார்வைக்கு ஒத்துப்போகும், ஓட்டினால் கூவும், சில மாதங்களில் ஜோடிச் சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். செய்து கொடுக்க ஆள் இருக்கிறார் என்ற வசதியே சரியாக அளக்காமல் செய்வதற்கும் இடம் கொடுக்கிறது.

இதைவிடப் பெரிய குறை, உலையின் பசி. இயந்திர வார்ப்பிரும்பு நல்ல பழைய இரும்பு. அதன் குணம் உருக்குபவருக்குத் தெரியும் என்பதால் கலவையான தகரத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஒரு பஞ்சாலையோ தொழிற்பேட்டைக் கூடமோ மூடும்போது அங்கிருந்த துளை இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போய், எடைக்கு விலை பேசப்பட்டு, சம்மட்டியால் உடைக்கப்பட்டு உலைக்குள் போகின்றன. கழற்றி எடுத்து வைத்திருந்தால் இன்னும் நான்கு இயந்திரங்களை ஓட்டியிருக்கக்கூடிய ஸ்பிண்டில்களும் பற்சட்டங்களும் அதோடு போகின்றன. மேசையை வார்த்துக் கொடுத்த உலை, அந்த மேசைக்கு ஏற்ற தூணையும் தலையையும் உருக்கி இன்னொரு பம்பு உடலாக்கிவிடுகிறது. இந்தியாவில் பழைய துளை இயந்திரம் ஓடுகிறது என்றால் அதன் வேலை தொடர்கிறது என்று பொருள். அது பழைய இயந்திரம்தானா என்ற கேள்விக்குப் பதில் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போகிறது.

இலங்கையின் கதை வேறு வழியில் வந்தது. அங்கே இயந்திரங்களைக் கொண்டுவந்தது தேயிலையும் ரயிலும். ஊரிலிருந்து தொலைவில், மலையில் இருக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குத் தன் பழுதைத் தானே பார்த்துக்கொள்ளும் சிறு வேலைத்தளம் தேவைப்பட்டது. அதற்குப் பிரிட்டனிலிருந்து கடைசல் இயந்திரமும் துளை இயந்திரமும் வந்தன. ரத்மலானை ரயில் வேலைத்தளம் இதையே பெரிய அளவில் செய்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இலங்கையும் இறக்குமதியை இறுக்கியது. ஆனால் 1977இல் கதவு திறந்தபோது உள்ளூரில் துளை இயந்திரம் செய்து விற்கும் பட்டாலா ஒன்று அங்கே உருவாகியிருக்கவில்லை. எனவே அடுத்த தலைமுறை இயந்திரங்கள், வாகனங்களைப் போலவே, ஜப்பானில் பயன்படுத்திக் கழித்தவையாக வந்தன. கொழும்பின் பஞ்சிகாவத்தையில் வாகனங்களைப் பிரித்துப் பாகம் பாகமாக அடுக்கி விற்கும் பழக்கம் இயந்திரங்களையும் தொற்றிக்கொண்டதில் வியப்பில்லை. அங்கே இறந்த இயந்திரத்தின் மதிப்பு அதன் எடையில் இல்லை. அதற்குள் இருக்கும் இன்னும் தேயாத பாகத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ், ஜப்பானிய இயந்திரங்கள் அளவுமானி வைத்துச் செய்யப்பட்டவை என்பதால், ஒரே மாடலின் பாகம் இன்னொன்றில் பெரும்பாலும் அப்படியே ஏறும். ஆகவே சேமித்து வைப்பது அங்கே பழமைப் பற்று அல்ல, சரியான கணக்கு.

இந்த வழிக்கும் தன் செலவு உண்டு. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், மும்முனை 200. நாட்டின் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. மேற்கிலிருந்து வந்த நான்கு துருவ மோட்டாரை 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1800 என்று கணக்கிட்டிருப்பார்கள். இலங்கையின் 50 ஹெர்ட்ஸில் அது 1500 ஆகும். ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடுவதால், புல்லியில் எழுதியிருக்கும் வேக அட்டவணை முழுவதும் பொய்யாகிவிடும். வோல்ட் வேறுபாட்டுக்காக மோட்டாரைத் திரும்பச் சுற்றக் கொடுப்பார்கள், அல்லது ஊரில் கிடைக்கும் வேறு மோட்டாரைப் பூட்டுவார்கள். அதன் தண்டின் விட்டம் வேறாக இருக்கும். பழைய புல்லிக்குள் ஒரு புஷ் போட்டு நிரப்புவார்கள். அந்தப் புஷ் சற்றே மையம் தவறினால் தலை முழுவதும் அதிரும். வாங்கிய இயந்திரம் மோசம் என்று பழி வரும். குற்றம் அந்தச் சிறு வளையத்தில் இருக்கும்.

இலங்கையிலும் வார்ப்படசாலைகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. தேயிலை இயந்திரங்களை அங்கேயே செய்த வாக்கர் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரயில்வேக்கும் வார்ப்பு வேலை உண்டு. உலை உண்டா என்பதல்ல கேள்வி, ஒற்றைத் துண்டுக்காக அது எரியுமா என்பதுதான். வார்ப்பிரும்பை உருக்கி ஊற்ற 1300 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். அதற்கு உலை மூட்டும் செலவு ஒரு மேசைக்கும் நூறு பம்புகளுக்கும் ஏறக்குறைய ஒன்றே. பம்பு இல்லாத இடத்தில் அந்தச் செலவு முழுவதும் மேசையின் தலையில் விழும். இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு வெண்கலம் சாட்சி. வெண்கல வகையான கன்மெட்டல் 1000 பாகையை ஒட்டி உருகும். கரி அடுப்பும் மூசையும் போதும். கண்டியை அடுத்த பிலிமத்தலாவையின் பித்தளை வேலை போன்ற மரபு இருக்கும் நாட்டில் பழைய துளை இயந்திரத்தின் புஷ் ஒருபோதும் பெரிய பிரச்சினை ஆவதில்லை. அதே நாட்டில் வார்ப்பிரும்புக் கை உடைந்தால், புதிதாக வார்ப்பதற்குப் பதில் சூடேற்றிப் பித்தளையால் ஒட்டுவார்கள், அல்லது பின்னால் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் போடுவார்கள். கைகள் மாறவில்லை, உருகுநிலை மாறியது.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. உள்நாட்டுப் போரின்போது 1990களில் அரசு விதித்த பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் இரும்பும் சீமெந்தும் தடுக்கப்பட்டிருந்தபோது, மண்ணெண்ணெயில் காரை ஓட்டியவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் எந்த உலையையும் நம்பியிருக்கவில்லை. ஆகவே திறமையே எல்லாம் என்பது அவர்கள் வாதம். அந்தத் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அது எதைச் சாதித்தது என்று பார்க்க வேண்டும். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் நிற்கவைத்து ஓடச் செய்வது அதன் உச்சம். தேய்ந்த ஸ்பிண்டில் உறையை நூறில் இரண்டு மில்லிமீட்டருக்குள் திரும்பக் கொண்டுவர அரைவை இயந்திரமும் கடின குரோமிய முலாமும் வேண்டும். சாமர்த்தியம் அவற்றுக்குப் பதிலாக நிற்காது. கார் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடினால் போய்ச் சேரலாம்; துளை இயந்திரம் அப்படி ஓடினால் துளை முட்டை வடிவில் வரும். யாழ்ப்பாணம் நிரூபிப்பது இன்னொன்றை. போருக்குப் பின் பழைய இரும்பு சேகரிப்பு வடக்கில் பெரும் வியாபாரமானபோது, அத்தனை ஆண்டுகள் காத்து வைத்த பொருளும் எடைக்குப் போகத் தொடங்கியது. இரும்புக்கு வாங்குபவர் வந்த இடத்தில் சேமிக்கும் பழக்கம் தளர்கிறது. அதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இல்லை.

சீனத்திலிருந்து மலிவாகப் புதியது வரும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்ற கேள்வியை உணர்ச்சியால் அல்ல, இயந்திரத்தால் எதிர்கொள்ள வேண்டும். மலிவான மேசைத் துளை இயந்திரத்தில் தூண் மெல்லிய குழாய். கைப்பிடியை அழுத்தினால் மேசை வளைந்து துளை சாயும். பழைய இயந்திரத்தின் பருமன் வீணல்ல, அதிர்வை விழுங்குவது அதுதான். ஆனால் எல்லாப் பழைய இயந்திரத்துக்கும் இது பொருந்தாது. தலைப்பகுதியில் ஸ்பிண்டில் உறை ஓடும் துளை தேய்ந்து அகன்றுவிட்டதா என்பதே என் அளவுகோல். அந்தத் துளை தூண் நுழையும் துளைக்கு இணையாக இருக்க வேண்டியது; அதைத் திரும்பக் கடைந்து உறை போட நல்ல போரிங் இயந்திரம் வேண்டும், தலையையே புதிதாக வார்த்தாலும் அதே வேலை காத்திருக்கும். அது கெட்டுப்போன சிறிய இயந்திரத்தை இரு நாட்டிலும் விட்டுவிடலாம். விடும்போது மட்டும் இலங்கை வழியில் விட வேண்டும்: ஸ்பிண்டில், பற்சட்டம், சுருள்வில், பல்சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போடலாம்.

இப்படிப் பார்த்தால் இரண்டு நாடுகளும் ஒரே இயந்திரத்தின் வெவ்வேறு பாதிகளைப் பாதுகாக்கின்றன என்பது தெரிகிறது: இந்தியா வார்ப்புகளை, இலங்கை துல்லியமாக அரைக்கப்பட்ட பாகங்களை. இரண்டையும் இணைப்பதற்குப் பாலம் கட்ட வேண்டியதில்லை. துளை இயந்திரத்தின் கூம்புச் சக்கரம் கைப்பையில் அடங்கும். அதற்கு முதலில் வேண்டிய விவரம் பற்களின் எண்ணிக்கை, வெளிவிட்டம், கோணம், டி.பி.யா மாட்யூலா என்ற நான்கு. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. கோயம்புத்தூரில் வெட்டிய சக்கரம் காங்கேசன்துறையில் இறங்குவதைத் தூரம் தடுக்கவில்லை. தடுப்பது, ஒற்றை உதிரிப் பாகத்தை எந்தத் தலைப்பில் எழுதி எவ்வளவு தீர்வை கட்டுவது என்ற சுங்கத்து மேசையும், அளவை வரைந்து அனுப்பாமல் ‘இதே மாதிரி’ என்று புகைப்படம் மட்டும் அனுப்பும் பட்டறைப் பழக்கமும்.