விரல் காட்டிய டோக்கியோ

யாசுஜிரோ ஓஸு 1953இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’யைப் பார்க்க உட்காருகிறவருக்கு டோக்கியோ லேசில் கண்ணில் படாது. புகைபோக்கிகள் தெரியும், கொடியில் துணி காயும், ஒரு டாக்டர் வீட்டின் பெயர்ப்பலகை தெரியும். அவ்வளவுதான். ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறி வந்த ஷுகிச்சிக்கும் தோமிக்கும் அதே கதிதான். வந்த அன்று இரவு மூத்த மகன் வீட்டு மாடியில் படுக்கப்போகும்முன், இது டோக்கியோவின் எந்தப் பக்கம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். ஏதோ ஓரம்போலத்தான் இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து காரில் அவ்வளவு தூரம் வந்தோமே என்று தாங்களாகவே ஒரு முடிவுக்கும் வருகிறார்கள். மகன் கொய்ச்சி பெரிய டாக்டராகி நகரத்தின் நடுவில் இருப்பான் என்று ஊரில் நினைத்திருந்தார்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திசை விசாரிக்கும் அந்தப் பேச்சிலேயே எல்லாம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. பெரியவர்கள் உடுத்தித் தயாராக இருக்கிறார்கள், பேரன்கள் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது நோயாளிச் சிறுவன் ஒருவனின் தகப்பனார் வாசலில் வந்து நிற்கிறார். கொய்ச்சி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பயணம் ரத்து. மூத்த பேரன் மினோரு கத்தித் தீர்க்கிறான். தாத்தாவும் பாட்டியும் ‘பரவாயில்லை, பரவாயில்லை’ என்கிற முகத்தோடு மறுபடி உட்கார்ந்துகொள்கிறார்கள். இந்த ஊர்சுற்றல் நடக்காமல் போனதற்கு ஓஸு செலவிடும் நேரம், பின்னால் அது நடக்கும்போது செலவிடும் நேரத்தைவிடக் கூடுதல். வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் கணக்கை மாற்றிப் போட்டிருப்பார்.

அப்புறம் மகள் ஷிகேவுக்கு ஒரு யோசனை. அழகு நிலையம் நடத்தும் அவளுக்குக் கடையை விட்டு நகர நேரமில்லை. போரில் இறந்துபோன தம்பி ஷோஜியின் மனைவி நோரிகோவுக்குத் தொலைபேசியில் சொல்கிறாள். அலுவலகத்தில் லீவு கேட்டுக்கொண்டு வருகிறவள் அந்த மருமகள். பெற்ற பிள்ளைகளுக்கு வாய்க்காத ஒரு நாள், சம்பளத்துக்கு வேலை செய்யும் விதவை மருமகளுக்கு வாய்க்கிறது.

இனி பேருந்து. டோக்கியோவைச் சுற்றிக் காட்டும் ஹாத்தோ பேருந்துகள் போருக்குப் பின் வந்தவை. நிறுவனம் 1948இல் தொடங்கியது. அந்த வண்டிக்குள் நம்மையும் ஏற்றிவிடுகிறார் ஓஸு. ஆனால் ஜன்னல் பக்கம் திருப்புவதற்கு முன், வரிசையாக உட்கார்ந்திருக்கும் பயணிகளைப் பார்க்க வைக்கிறார். சாலையின் மேடு பள்ளத்துக்கு எல்லோரும் ஒரே தாளத்தில் குலுங்குகிறார்கள், காற்றில் ஒன்றாய்ச் சாயும் நாற்றங்கால் மாதிரி. தகானோபு சைத்தோவின் துள்ளலான இசை அந்தக் குலுங்கலுக்கு ஒத்து வாசிக்கிறது. பார்த்தவுடன் சிரிப்பு வரும். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அந்தக் குலுங்கலில் ஷுகிச்சியும் தோமியும் தனியாகவே தெரிவதில்லை என்பது புரியும். வீட்டில் அவர்கள் ‘எங்கே கூட்டிப்போவது, எங்கே படுக்கவைப்பது’ என்ற பிரச்சினை. இங்கே டிக்கெட் எடுத்த இரண்டு பேர், மற்றவர்களுக்குச் சமமாகக் குலுங்குகிறவர்கள்.

ஓஸுவின் கேமரா தரையில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்கும் கீழே இருந்து பார்க்கும், பெரும்பாலும் இடத்தைவிட்டு நகராது என்பது சினிமா பேசுகிற எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பேருந்துக் காட்சியின் குறும்பு இங்கேதான். தன் விதியை அவர் மீறவே இல்லை. கேமரா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, வண்டிதான் ஓடுகிறது. அதுவரை அசையாத சட்டங்களுக்குப் பழகிய கண்ணுக்கு, கட்டடங்கள் திடீரென்று வழுக்கி ஓடுவது ஒரு கிறுகிறுப்பைத் தருகிறது. ஒனோமிச்சியிலிருந்து வந்தவருக்கு டோக்கியோ எப்படி இருந்திருக்குமோ, அப்படி.

வழிகாட்டிப் பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் வருகிறது. மிகையான மரியாதை, பாடமாகிப்போன ஏற்ற இறக்கம். அகழிக்கு அப்பால் தெரிவது பேரரசரின் அரண்மனை, சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓத்தா தோகான் கட்டிய கோட்டை என்று அவள் வரலாற்றைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டு போகிறாள். நமக்குக் கேட்கிற வரையில் அண்மைக் காலத்துக்கு அவள் வருவதே இல்லை. அந்த மதிலுக்குள் இருந்த பிரதான அரண்மனை 1945 மே மாத வான்குண்டுத் தீயில் எரிந்துபோனது. புதிய அரண்மனை 1968இல்தான் கட்டி முடிந்தது. ஆக 1953 கோடையில் இந்தக் கிழத்தம்பதி ஜன்னல் வழியாகப் பயபக்தியோடு பார்ப்பது கல்மதிலையும் தண்ணீரையும் மரத்தையும்தான். வண்டி நுழையும் கின்ஸா கடைவீதியிலும் இதே கதை. அங்கிருந்த பெரிய கட்டடங்கள் சில 1952 வரை அமெரிக்கப் படையினருக்கான கடைகளாக இருந்தவை. அந்த ஏப்ரலில்தான் ஆக்கிரமிப்பு முடிந்தது. இவை எதையும் படம் சொல்வதில்லை. எட்டு வருஷங்களுக்கு முன் போரில் மகனை இழந்த இருவர், மகனை இழந்தவர்கள் என்று யாருக்கும் தெரியாமல் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள் மட்டுமாக இருந்திருக்க முடியாது.

நடிகர்களின் வயதையும் இங்கே ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். எழுபதை நெருங்கும் ஷுகிச்சியாக வரும் சிஷு ரியூ 1904இல் பிறந்தவர்; அப்போது அவருக்கு 49 வயது. தோமியாக நடித்த சியெக்கோ ஹிகாஷியாமா அவரைவிடப் பதின்மூன்று வயதுக்கு மேல் மூத்தவர். மகளாக வரும் ஹாருகோ சுகிமுரா ‘அப்பா’வைவிடச் சில வயதுதான் இளையவர். ரியூ முதுமையைக் கைநடுக்கத்திலோ தள்ளாட்டத்திலோ தேடவில்லை. முதுகின் சிறு வளைவு, பதிலுக்கு முன் வரும் ஒரு ‘ம்’, எதைப் பார்த்தாலும் முதலில் தோன்றும் ஒரு புன்னகை, இவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்.

பேருந்திலிருந்து இறங்கியதும் வருவது, என்னைக் கேட்டால், இந்தப் படத்தின் ஆகச்சிறந்த நிமிஷம். 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் இயக்குநர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படம் முதலிடம் பெற்றது. அதில் வாக்களித்த பலர் மனத்தில் படத்தின் கடைசி அரைமணி நேரம் இருந்திருக்கும். என் ஓட்டு கின்ஸாவின் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் படிக்கட்டுக்கு. மூவரும் கட்டடத்தின் வெளிப்புறப் படிகளில் உயரத்தில் நின்று நகரத்தைப் பார்க்கிறார்கள். அண்ணன் வீடு அந்தப் பக்கம் என்று நோரிகோ காட்டுகிறாள். ஷிகேவின் வீடு எங்கே என்று கேட்கிறார்கள். அது இந்த வாக்கில் இருக்கும் என்கிறாள். சரி, உன் வீடு? அதற்கு வேறு பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய அங்கே இருக்கும் என்று காட்டிவிட்டு, ரொம்பச் சின்ன இடம், போகிற வழியில் வந்துவிட்டுப் போகலாமே என்று கூச்சத்தோடு அழைக்கிறாள்.

இந்த வீடுகளில் எதுவும் அங்கிருந்து தெரியப்போவதில்லை. அவர்களுக்கும் தெரிவதில்லை, நமக்கும் காட்டப்படுவதில்லை. விரல் நீளும் திசையில் வெறும் கூரைகள்தான். ஆனாலும் இருவரும் அக்கறையாகப் பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள். அரண்மனையைப் பார்த்தபோது முகத்தில் இருந்தது மரியாதை. இங்கே இருப்பது ஆர்வம். ஊர் பார்க்க வந்தவர்களா இவர்கள்? பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள். வந்த அன்று இரவு மாடியறையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரே ஆள் நோரிகோ. கொய்ச்சியும் ஷிகேவும் தங்கள் வீட்டைத் தாங்களே காட்டியிருக்க வேண்டிய இடத்தில், அவர்களுக்கும் சேர்த்து இவள் கை நீட்டுகிறாள். ஓஸுவும் அவருடன் திரைக்கதை எழுதிய கோகோ நோடாவும் இதை ஒரு வரிக்குக்கூட அழுத்தவில்லை. வழி சொல்கிற வெறும் பேச்சாக விட்டுவிட்டார்கள்.

லியோ மெக்கேரியின் 1937ஆம் ஆண்டு அமெரிக்கப் படம் ‘மேக் வே ஃபார் டுமாரோ’வை நோடா பார்த்திருந்தார். பிள்ளைகளுக்குப் பாரமாகிப்போன ஒரு வயதான தம்பதி பிரியும்முன் நியூயார்க்கைச் சுற்றிவருவதில் அந்தப் படம் உருகுகிறது; அங்கே நகரமே அவர்களிடம் கனிவாக நடந்துகொள்ளும். ஓஸுவின் டோக்கியோவுக்கு அப்படி யாரையும் தெரியாது. கனிவுக்கு ஒரு ஒற்றை அறையைத்தான் தேடிப்போக வேண்டும்.

அந்த அறை நோரிகோவுடையது. வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி சாக்கே இருக்கிறதா என்று கேட்கிறாள். கைக்குழந்தைக்காரி பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறாள். நோரிகோ அறைக்குத் திரும்புகிறாள், உடனே மறுபடி வெளியே வருகிறாள்: ஊற்றிக் கொடுக்கக் குடுவையும் கிண்ணமும் வேண்டும். இந்த இரண்டாவது நடைதான் நயம். ஒரு நடையோடு முடித்திருந்தால் அது இல்லாமையைக் காட்டும் காட்சி. இரண்டாவது நடையில் அவள் வீட்டில் குடிக்க ஆளே இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

உள்ளே பெரியவர் அலமாரி மேல் இருக்கும் ஷோஜியின் புகைப்படத்தைப் பார்த்து, இது எங்கே எடுத்தது என்கிறார். காமாகுராவில் என்கிறாள் நோரிகோ. தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிற அவன் வழக்கத்தைத் தாயும் தகப்பனும் பேசிக்கொள்கிறார்கள். அன்று காலையிலிருந்து பார்த்ததில் அவர்கள் நின்று நிதானமாகப் பார்த்த காட்சி அது ஒன்றுதான். கடையிலிருந்து வரவழைத்த சாப்பாடு வருகிறது. அவர்கள் சாப்பிட, நோரிகோ பக்கத்தில் அமர்ந்து விசிறுகிறாள். இந்தப் படத்தில் விசிறி இல்லாத கை குறைவு. ஆனால் அநேகமாக எல்லோரும் தங்களுக்குத்தான் விசிறிக்கொள்கிறார்கள்.

அடுத்த வெட்டு ஷிகேவின் வீடு. அண்ணனும் தங்கையும் விசிறிக்கொண்டே, அப்பா அம்மாவை அட்டாமி வெந்நீர் ஊற்றுக்கு அனுப்பிவிடலாம், ஆளுக்கு மூவாயிரம் யென் போட்டால் போதும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். அதுவும் ஊர் சுற்றிக் காட்டுவதுதான், வேறு வகையில். அட்டாமி விடுதியில் இரவெல்லாம் மாஜாங் ஆட்டமும் கூச்சலும். பெரியவர்கள் சொன்னதற்கு முன்பே திரும்பிவர, ஷிகே வீட்டில் அன்று கூட்டம், தங்க இடமில்லை. இருவரும் உயேனோ பூங்காவில் வந்து உட்காருகிறார்கள். படத்தில் கேமரா தானாக நகரும் மிகச் சில இடங்களில் ஒன்று இது: ஒரு சுவரை ஒட்டி மெல்ல நகர்ந்துபோய் இவர்களைக் கண்டுபிடிக்கிறது. வழிகாட்டி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. எவ்வளவு பெரிய ஊர், இதில் கைதவறிப் பிரிந்துவிட்டால் ஆயுளுக்கும் தேடினாலும் கிடைக்காது என்கிற மாதிரி தோமி சொல்கிறார்.

அன்று படிக்கட்டில் காட்டப்பட்ட மூன்று திசைகளில் இரண்டுக்கு இப்போது போக வழியில்லை. தோமி மூன்றாவதற்குக் கிளம்புகிறார். ஷுகிச்சி பழைய ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் போய், மூக்குமுட்டக் குடித்துவிட்டு, நள்ளிரவில் போலீஸ்காரர் கொண்டுவந்து சேர்க்க, ஒரு கூட்டாளியோடு மகளின் அழகு நிலைய நாற்காலியில் சரிந்து தூங்கிப்போகிறார். ஷிகேவுக்கு வந்த கோபத்தைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.