தேர்வுக்கு நிற்கும் நடிகன்

நாடகக் கம்பெனியில் வளர்ந்த நடிகனை, அவன் வாய் திறந்து வசனம் பேசுவதற்கு முன்பே, நடந்து வந்து நிற்கிற நிலையைக் கொண்டே ரசிகர்கள் இனம் கண்டுகொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அதன் அடியொற்றித் தோன்றிய பிற பாய்ஸ் கம்பெனிகளும், பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் உச்சரிப்பும் புகட்டி, பிறர் பாடங்களையும் நெட்டுருப் போடவைத்து, ஸ்திரீபார்ட்டிலிருந்து ராஜபார்ட் வரை பழக்கி, ஊர் ஊராகக் கொட்டகைகளில் ஏற்றித் தந்த அப்பியாசம் அத்தகையது.

அந்த அப்பியாசத்தின் பூரண பலன் சிவாஜி கணேசன். சீதையாகவும் பரதனாகவும் சூர்ப்பனகையாகவும் ராமாயணத்துக்குள்ளேயே மாறி மாறி வேஷமிட்ட அவரை, பின்னாளில் சக்தி நாடக சபாவின் ‘நூர்ஜஹான்’ நாடகத்தில், அந்த ராணியின் வேஷத்திலே பார்த்துவிட்டுத்தான், நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள் தம்முடைய ‘பராசக்தி’க்குக் கதாநாயகனாக வரித்தார். பெண் வேஷத்துக்குள்ளே அப்படத்தின் நாயகன் குணசேகரனைக் கண்டுகொண்ட அந்தக் கண்ணையும் ஒரு கலை என்றே நான் சொல்லுவேன்.

பரீட்சை அதோடு தீர்ந்துவிடவில்லை. படப்பிடிப்புத் தொடங்கிய பிறகு, படத்தின் கூட்டுத் தயாரிப்பாளரான ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்கு அந்த ஒல்லியான புதுமுகத்தின் தோற்றம் திருப்தி அளிக்கவில்லை, அவருக்குப் பதிலாக நடிகர் கே. ஆர். ராமசாமியைப் போடலாம் என்ற யோசனை எழுந்தது, பெருமாள் இணங்கவில்லை. உடம்பு சற்றுத் தேறிய பின் ஆரம்பக் காட்சிகள் மறுபடியும் எடுக்கப்பட்டன. குறை சொல்லப்பட்டது தேகத்தையே அன்றி வித்தையை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடிஷனுக்குப் போகிற இந்நாளைய இளைஞர்களோ, வித்தையிலிருந்து தானே வரக்கூடிய தைரியத்தைத் தனியே தேடி அலைகிறார்கள். உடம்பு இளைத்தவனைத் தேற்றலாம், வித்தை இளைத்தவனைப் படப்பிடிப்பு நிலையத்தில் வைத்து யார் தேற்றுவது?

1952 தீபாவளிக்கு வெளிவந்த அந்தப் படத்தின் நீதிமன்றக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். மு. கருணாநிதியின் அடுக்கு வசனத்தைக் கூண்டில் நின்றபடி, எடுத்த எடுப்பிலேயே கொட்டித் தீர்த்துவிடாமல், தணிந்த குரலில் தொடங்கி, சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, ஏளனமும் துக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏற ஏறச் சாரீரத்தை உயர்த்திக்கொண்டே போகிறார். மைக்கில்லாத கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பேசிப் பழகிய சாரீரம் அது. அத்தனை நீண்ட வசனத்தில் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது மட்டும் எனக்கு இன்னும் அகப்படவில்லை.