எச்.எச்.ஓ. கிட்: தண்ணீரால் மைலேஜ் கூடுமா?

பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து, கோவைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் எச்.எச்.ஓ. கிட் பற்றிய பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, அதில் வரும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இன்ஜினுக்குள் விட்டால் மைலேஜ் 20 சதவீதத்துக்கு மேல் கூடும் என்கிறார்கள் விற்பவர்கள். இதை அதிகம் விசாரிப்பவர்கள் கடனில் வண்டி வாங்கி டாக்ஸி ஓட்டுபவர்கள். மாதம் சில ஆயிரம் மிச்சமானால்கூட அவர்களுக்குப் பெரிய உதவி. அந்த வாக்கு நிஜமானால் ஊருக்கே சொல்ல வேண்டும், பொய்யானால் அதையும் சொல்ல வேண்டும். அதற்காகவே ஒரு கிட்டை வாங்கி, 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பி.எஸ்.4 பெட்ரோல் கார் ஒன்றில் மாட்டி ஓட்டிப் பார்த்தேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஏழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளை ரப்பர் வளையம் வைத்து இறுக்கிய செல்தான் கிட்டின் இதயம். தகடுகளுக்கு இடையில் ஆறு அறைகள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து இதில் நிரப்ப வேண்டும். அதோடு ஒரு தண்ணீர் டேங்க், தீ பின்னோக்கி வராமல் தடுக்கும் குமிழி பாட்டில், ரிலே, ஃப்யூஸ், ஆம்பியர் மீட்டர், ஹோஸ் குழாய்கள். வாயுக் குழாய் ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இன்ஜின் காற்றை இழுக்கும் பாதையில் இணைகிறது. இவற்றோடு ‘சென்சார் அட்ஜஸ்டர்’ என்று ஒரு சின்ன மின்னணுப் பெட்டியும் வருகிறது. அதன் கதை பின்னால்.

பொருத்துவது எளிது. நல்ல மெக்கானிக் அரை நாளில் முடித்துவிடுவார். தகடுகளின் வேலைப்பாடு நேர்த்தி, கசிவும் இல்லை. ஆனால் செல் சூடேறச் சூடேற மின்னோட்டம் கூடிக்கொண்டே போகிறது. காலையில் 12 ஆம்பியர் காட்டிய மீட்டர் வெயிலில் நெடுஞ்சாலை ஏறியபின் 18-ஐத் தொட்டது. இதைக் கட்டுப்படுத்தும் கருவி அடிப்படை கிட்டில் இல்லை, தனியாக வாங்க வேண்டும்.

எப்படிச் சோதித்தேன்?

நீலாம்பூரிலிருந்து பெருந்துறை வரை, சேலம் நெடுஞ்சாலையில், போய்த் திரும்பும் ஓட்டம். கோவையிலிருந்து கிழக்கே போகும்போது சாலை மெல்ல இறங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் முதுகில் தள்ளும். ஒரு வழி மட்டும் ஓட்டினால் எந்தக் கருவியையும் அற்புதமாகக் காட்டிவிடலாம். அதனால் இரு வழியும் சேர்த்தே கணக்கு. ஒரே பங்க், ஒரே பம்ப், ஒரே டயர் காற்று, ஏ.சி. அணைப்பு, மணிக்கு 70 கிலோமீட்டர். கிட் ஓடுகிறதா இல்லையா என்பது ஓட்டுபவருக்குத் தெரியாதபடி மீட்டரை மறைத்து, பானட்டுக்குள் ஃப்யூஸை வைப்பதையும் எடுப்பதையும் இன்னொருவர் பார்த்துக்கொண்டார். கிட் ஓடுகிறது என்று தெரிந்தாலே கால் ஆக்சிலேட்டரை மென்மையாக மிதிக்கும். அந்தச் சேமிப்பு கிட்டின் கணக்கில் ஏறிவிடக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டேங்க் நிரப்பும்போது அரை லிட்டர் கூடக்குறைய வருவது சகஜம். பத்து லிட்டர் செலவான ஓட்டத்தில் அதுவே 5 சதவீதம். ஒரு முறை நிரப்பிப் பார்த்துவிட்டு மைலேஜ் கூடியது என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பிழையைத்தான் பார்க்கிறார்கள். வண்டியின் கணினியிலிருந்து தகவல் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் சுமையையும் எரிபொருள் திருத்தத்தையும் கூடவே பதிவு செய்தது அதற்காகத்தான்.

கிடைத்த விடை

கிட் அணைந்திருந்தபோது லிட்டருக்கு 18.1 முதல் 18.9 கிலோமீட்டர். ஓடியபோது 17.8 முதல் 18.6. இந்த வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. கூடவில்லை என்பது மட்டும் உறுதி. வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் வைத்து ஃப்யூஸைச் செருகியபோது ஸ்கேனர் இன்னும் தெளிவாகப் பேசியது. மின்னழுத்தம் இறங்கியது, இன்ஜின் சுமை ஏறியது. ஆல்டர்னேட்டர் செல்லுக்காகக் கூடுதலாக உழைத்தது கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்து அந்தச் சென்சார் பெட்டியை இணைத்தேன். இப்போது மைலேஜ் கொஞ்சம் கூடியது. உடனே வாயுவை நிறுத்திவிட்டு, பெட்டியை மட்டும் வைத்து ஓட்டினால் அதே கூடுதல் அப்படியே நின்றது. சோதனையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த இடம்தான். சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் சிக்னலை அந்தப் பெட்டி மாற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வுக்குப் பொய்த் தகவல் தருகிறது. இ.சி.யு. அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கிறது. சேமிப்பு வந்தது அந்த வழியில். ஹைட்ரஜனுக்கு அதில் பங்கில்லை. பதிலுக்கு ஓவர்டேக் செய்யும்போது வண்டி திணறியது, செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. பெட்ரோல்-காற்றுக் கலவை இப்படி மெலிந்தே ஓடினால் நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரால் அதைச் சுத்தம் செய்ய முடியாது.

ஏன் கூடவில்லை?

செல் 13.8 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுத்தால் 207 வாட். ஃபாரடே விதிப்படி ஆறு அறைகளிலும் சேர்த்து நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு வர வேண்டும். தண்ணீரில் கவிழ்த்த பாட்டிலில் பிடித்து அளந்தபோதும் அவ்வளவே வந்தது. செல்லின் மேல் குறை இல்லை. மூலிகையால் தண்ணீரைப் பெட்ரோலாக்கியதாக 1996-இல் நாடெங்கும் பேசப்பட்ட மூலிகை பெட்ரோல் விவகாரத்தோடு இதைச் சேர்க்கக் கூடாது. இங்கே ஹைட்ரஜன் உண்மையிலேயே உருவாகிறது.

ஆனால் அந்த வாயு எரிந்தால் கிடைப்பது சுமார் 110 வாட் வெப்பம். செல்லுக்குத் தேவையான 207 வாட்டைத் தர, 60 சதவீதத் திறனுள்ள ஆல்டர்னேட்டர் பெல்ட்டிலிருந்து 345 வாட் எடுக்க வேண்டும். பெட்ரோல் தரும் வெப்பத்தில் கால் பங்கையே இன்ஜின் சுழற்சியாக மாற்றுகிறது என்று வைத்தால், இதற்காக எரியும் பெட்ரோல் சுமார் 1,380 வாட். 1,380 செலவழித்து 110 வாங்கும் வியாபாரம் இது. 70 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கார் எரிக்கும் பெட்ரோலின் சக்தி ஏறக்குறைய 35,000 வாட். அதில் 110 என்பது முந்நூறில் ஒரு பங்கு.

விற்பவர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். ஹைட்ரஜன் சக்திக்காகப் போகவில்லை, பெட்ரோலை முழுசாக எரிய வைக்கவே போகிறது என்பார்கள். ஹைட்ரஜன் சுடர் பெட்ரோல் சுடரைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் இன்றைய இன்ஜினில் எரியாமல் தப்பும் பெட்ரோல் ஓரிரு சதவீதம்தான். பெரும் இழப்பு ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் வெப்பமாகப் போவது. தவிர, நிமிடத்துக்கு 600 லிட்டர் காற்றை இழுக்கும் இன்ஜினில் முக்கால் லிட்டருக்கும் குறைவான ஹைட்ரஜன் எந்தச் சுடரையும் மாற்றிவிடாது.

ஹைட்ரஜனைக் கலந்து எரிப்பதை விஞ்ஞானிகள் ஒதுக்கிவிடவில்லை. 1977-இல் நாசா வெளியிட்ட ஆய்வில், பெட்ரோலோடு ஹைட்ரஜனைச் சேர்த்தபோது இன்னும் மெலிந்த கலவையிலும் இன்ஜின் ஓடியது, அந்த நிலையில் புகையும் குறைந்தது. ஆனால் மொத்தச் சக்திச் செலவின் குறைந்தபட்ச அளவு மாறவில்லை. டெல்லியில் 2020-இல் 50 பேருந்துகளில் சி.என்.ஜி.யோடு 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து ஓட்டும் சோதனை தொடங்கியது. அங்கே ஹைட்ரஜன் டிப்போவிலேயே தயாராகி, பேருந்தில் நிரப்பப்பட்டது. ஓடும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து திருடப்படவில்லை. மைலேஜ் கருவிகளைப் பொறுத்தவரை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 100-க்கும் மேற்பட்டவற்றைச் சோதித்துப் பார்த்தும், குறிப்பிடத்தக்க அளவில் எரிபொருளை மிச்சப்படுத்தியதாக எதையும் காணவில்லை.

பாதுகாப்பு

ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பிடிக்கும். அதனால் சாவி போட்டதுமே செல் ஓடும்படி வயரிங் செய்வது ஆபத்து. இன்ஜின் ஓடாத நேரத்தில் காற்றுப் பாதையில் வாயு தேங்கும். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள், பெட்ரோல் பம்ப் நின்றால் செல்லும் நிற்கும்படி ரிலேயை உடனே மாற்றுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். செல்லில் சேரும் பழுப்புக் கசடில் நச்சுள்ள குரோமியச் சேர்மங்கள் இருக்கக்கூடும். அதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வாரண்டி போகும், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம்.

தீர்ப்பு

வாங்க வேண்டாம். பி.எஸ்.6 வண்டியில் மாட்டவே மாட்டாதீர்கள். கிட்டுக்கும் பொருத்துக்கூலிக்கும் போகும் பணத்தில் நல்ல டயர்கள் வாங்கலாம். வாரம் ஒரு முறை காற்றுப் பார்ப்பது, பிளக்கை உரிய நேரத்தில் மாற்றுவது, நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டாமல் ஓட்டுவது ஆகிய மூன்றும் தரும் மிச்சம் நிச்சயமானது. யாராவது இந்த கிட்டை உங்களிடம் விற்க வந்தால், சென்சார் பெட்டியைக் கழற்றிவிட்டு, வாயுவை மட்டும் விட்டு, போய்த் திரும்பும் சாலையில் உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.