அல்ஜீப்ராவின் மறுபாதி

வேளாங்கண்ணிக்கு வருவோரில் பலர், மாதா கோயிலுக்குப் போன கையோடு நாகூருக்கும் சென்று வருவதுண்டு. நாகப்பட்டினத்திற்குத் தெற்கே ஒன்று, வடக்கே மற்றொன்று. நாகூரில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுபவை தர்காவின் ஐந்து மினாராக்கள். அவற்றுள் உயரமானது 131 அடி. 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டித் தந்தது. இஸ்லாமிய நாகரிகம் நமக்குத் தந்தது என்ன என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் இத்தகைய கட்டடங்களையே சுட்டிக் காட்டுவோம்.

வழியில் நாம் தாண்டி வந்த நெல் வயல்களிலும் அந்த நாகரிகத்தின் சுவடு ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. பாகப்பிரிவினைப் பத்திரங்களில்தான் தெரியும். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் முதலில் விவசாய நிலத்திற்குப் பொருந்தாமல் இருந்தது. சென்னை மாகாணம் 1949இல் அதைத் திருத்திய பின், இங்கே முஸ்லிம் குடும்பங்களின் நன்செயும் அந்த விதிப்படியே பங்காகிறது.

விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒருவர் 4 வேலி 16 மா நிலம் விட்டு இறக்கிறார். மனைவி, தாய், ஒரு மகன், இரு மகள்கள் இருக்கின்றனர். ஒரு வேலிக்கு 20 மா. ஆகவே மொத்தம் 96 மா. மனைவிக்கு எட்டிலொன்று, 12 மா. தாய்க்கு ஆறிலொன்று, 16 மா. மீதி 68 மாவில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற விகிதம்; மகனுக்கு 34, மகள்களுக்குத் தலைக்கு 17. அரைக்கால் என்று எட்டிலொன்றுக்கு நம் முன்னோர் பெயர் வைத்திருந்தனர். ஆறிலொன்றுக்கு அவர்களிடம் தனிப்பெயர் இல்லை. நம் கீழ்வாய்க் கணக்கு இரண்டையும் ஐந்தையும் கொண்டு வகுத்துச் செல்வது. மூன்று அதில் இடம் பெறவில்லை.

சில வேளைகளில் பங்குகளைக் கூட்டினால் ஒன்றுக்கு மேலே போய்விடும். மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை என்று இருந்தால் எட்டிலொன்று, மூன்றில் இரண்டு, ஆறிலொன்று, மற்றோர் ஆறிலொன்று. கூட்டிப் பாருங்கள்: 24இல் 27! அப்போது சொத்தை 27 பங்காக்கி, மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, பெற்றோருக்கு 4, 4 என்று கொடுப்பர். மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகச் சுருங்கிவிட்டது. கலீபா அலீ மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே இதற்கு விடை சொன்னார் என்பது மரபு.

இதுவரை பின்னக் கணக்கே போதும். இறந்தவர் கடனும் மரண சாசனமும் வைத்துச் சென்றால்தான் சிக்கல். இங்கேதான் நாம் விமரிசிக்க எடுத்துக்கொண்ட நூல் வருகிறது. பாக்தாதில் கலீபா மாமூன் காலத்தில், ஏறத்தாழ 820இல், முகம்மது இப்னு மூசா அல் குவாரிஸ்மி எழுதியது. அல்ஜீப்ரா என்ற சொல்லே இந்நூலின் பெயரில் உள்ள 'அல்ஜபர்' என்பதிலிருந்து வந்தது என்பதை மாணவர்கள் அறிவார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படாத செய்தி, நூலின் ஏறத்தாழப் பாதி வாரிசுரிமைக் கணக்கு என்பது.

அப்பகுதியின் முதற் கணக்கையே பாருங்கள். ஒருவருக்கு இரு மகன்கள். ரொக்கம் 10 திர்கம். ஒரு மகன் தந்தைக்குத் தர வேண்டிய கடன் 10. சொத்தில் மூன்றிலொன்றை வெளியார் ஒருவருக்கு எழுதி வைத்திருக்கிறார். (அதற்கு மேல் எழுதச் சட்டம் இடம் தராது.) நாமாக இருந்தால் 10உம் 10உம் 20, ஆளுக்கு 6⅔ என்று முடித்துவிடுவோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடன்பட்ட மகனின் பங்குக்கு ஈடான தொகை மட்டுமே கடனிலிருந்து சொத்தில் சேரும். மிஞ்சியதைத் தந்தை அவனுக்கு விட்டுக் கொடுத்ததாகக் கொள்ள வேண்டும். அப்படியானால் சொத்து எவ்வளவு என்று தெரிந்தால்தான் அவன் பங்கு தெரியும். அவன் பங்கு தெரிந்தால்தான் சொத்து தெரியும்! குவாரிஸ்மி அந்தத் தெரியாத தொகையைப் 'பொருள்' என்று அழைக்கிறார். நாம் க என்போம். சொத்து 10 + க. மூன்றிலொன்று போக எஞ்சியதில் பாதியும் மூன்றிலொன்றே. அது க-வுக்குச் சமம். ஆகவே க = 5. வெளியாருக்கு 5, மகன்களுக்கு 5, 5.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் செஸ்டர் இராபர்ட்டும் (1145) கிரெமோனா ஜெரார்டும் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தபோது, இந்தப் பகுதியை விட்டுவிட்டனர். ஐரோப்பியருக்கு அந்தச் சட்டம் தேவையில்லை. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் அதன் விளைவை நாம் இன்றும் சுமக்கிறோம். அராபியர் கிரேக்கரின் அறிவைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள் என்ற பழைய பாடம் அந்தப் பாதி நூலுக்கு வேண்டுமானால் பொருந்தும். வழக்கு மன்றத்தின் தேவையிலிருந்து பிறந்த மறுபாதியைக் கிரேக்கரிடம் தேட முடியாது. எல்லாம் அவர்கள் கண்டுபிடித்ததே என்று பட்டியல் போடுவோரும் இதைப் படிப்பதில்லை. இருபடிச் சமன்பாட்டை பாபிலோனியர் தீர்த்திருந்தனர்; நம் பிரமகுப்தரும் 628லேயே தீர்த்துவிட்டார். குவாரிஸ்மியின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது.

1831இல் பிரெடெரிக் ரோசன் முழு நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வாரிசுப் பகுதியின் பல விடைகள் கணித முறைப்படி பிழை என்று அவரே குறிப்பும் எழுதினார். 1938இல் சாலமன் காண்ட்ஸ் அதை மறுத்தார்: பிழை எனப்பட்டவை இஸ்லாமியச் சட்டத்தின் கட்டளைகளே என்று காட்டினார். காண்ட்ஸ் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மேலே 6⅔ வர வேண்டிய இடத்தில் 5 வந்தது பிழையா? சமன்பாட்டை அமைத்தது சட்டம், தீர்த்தது கணிதம்.

நூலில் குறை இல்லாமல் இல்லை. இந்திய எண்முறையைப் பற்றித் தனி நூல் எழுதியவர், இங்கே எண்களைக்கூடச் சொற்களாலேயே எழுதிப் படிப்பவரைக் களைப்படைய வைக்கிறார். கணக்குக்கு மேல் கணக்காக அடுக்குகிறார். பொது விதியைத் திரட்டித் தருவதில்லை. அடிமைகளைச் சொத்தாக வைத்துப் போட்ட கணக்குகளை இன்று மனம் ஒப்பிப் படிக்க இயலாது. மகளுக்குப் பாதி என்ற விகிதத்தையும் இன்றைய மாணவி கேள்வி கேட்பாள், கேட்க வேண்டியதுதான். அதே வேளையில், தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆணுக்குச் சமமான பிறப்புரிமை 1989இல்தான் கிடைத்தது என்பதையும் அவள் அறிந்திருப்பது நல்லது.

வழக்கமோ சட்டத்தின் பக்கத்திலேயே தன் வழியில் நடக்கும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். உயிரோடு கொடுத்த கொடை வாரிசுக் கணக்கில் வராது. ஆலிமின் பின்னங்கள் தொடங்குவதற்கு முன்பே வீடு மகளுடையதாகிவிடுகிறது.

குவாரிஸ்மியின் கணக்கில் ரொக்கத்தை மட்டும் 20 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். நம் சாதாரண விடையும் அவருடைய விடையும் ஒன்றாகவே வரும்: ஆளுக்கு 10. ரொக்கத்தை 30 ஆக்கினால் க எவ்வளவு வருகிறது, அந்த அளவு கடன் மகனிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த முறை எதுவரை செல்லும் என்பது அப்போது விளங்கும்.