ஒன்றரை

சுவடிகளிலும் பழைய பதிப்புகளிலும் பாடபேதம் தேடி முனைவர் பட்டம் வாங்கியவள் நான். ஒரே நூலுக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தால் எதை நம்புவது என்று முதுகலை மாணவிகளுக்கு இன்றும் வகுப்பெடுக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு மர அலமாரியில் இருந்த இரண்டு பாடங்களை நான் பிரித்துப் பார்த்தது, அம்மா வேலையை விட்டு நின்ற பிறகுதான்.

அம்மா திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் பார்த்தாள். டெய்லர், செக்கிங், கைமடி, பேக்கிங் எல்லாம் சேர்த்து நாற்பது பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் பெண்கள். யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், அட்வான்ஸ் எவ்வளவு பிடித்தம் என்று எழுதி, வெள்ளிக்கிழமை இரவு கூட்டிப் போட்டால்தான் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும். கம்பெனியில் முடியாததை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதுவாள். அப்படித் தங்கிப்போன 2017ஆம் ஆண்டு நோட்டுகள் இரண்டு. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

முதல் நோட்டில் அதிகம் வரும் சொல் ஒன்றரை. எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட். அதற்கு மேல் நான்கு மணி நேரம் இருந்தால் ஒன்றரை. கணக்கு சரிதானே என்று தோன்றும். எனக்கும் பல வருடங்கள் அப்படித்தான் தோன்றியது. அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 59ஆம் பிரிவில், நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ செய்யும் வேலைக்கு இருமடங்கு கூலி என்றது. ஆறு நாளும் எட்டெட்டு மணி நேரம் முடித்தவளுக்கு அதற்கு மேல் உழைத்த ஒவ்வொரு மணியும் இந்தக் கணக்கில் வந்தது. அந்த நான்கு மணி நேரத்துக்கு எட்டு மணி நேரக் கூலி தந்திருக்க வேண்டும். அப்படியானால் நோட்டில் இருக்க வேண்டிய எண் இரண்டு.

காணாமல் போன அந்த அரை ஷிப்டை யாரும் கையால் திருடவில்லை. ஒன்றரை என்ற சொல்லே அதை விழுங்கிவிட்டது. பெண்களே பஸ் ஸ்டாப்பில் நின்று, “இன்னிக்கு ஒன்றரைங்க்கா” என்று களைப்பும் கொஞ்சம் பெருமையுமாகச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு சுரண்டலுக்குக் கணக்குப் பெயர் வைத்துவிட்டால் அதை யாரும் சுரண்டல் என்று வாசிப்பதில்லை. (அந்த ஒன்றரைக்குப் பிறகு வீட்டில் அடுப்படியில் ஒரு முக்கால் இருக்கிறது. அதற்கு நோட்டே கிடையாது.)

இரண்டாவது நோட்டு ஆடிட்டுக்கானது. வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆட்கள் வரும்போது மேஜையில் இருப்பது. அதில் அடித்தல் திருத்தல் இல்லை. எல்லோரும் எட்டு மணி நேரம் மட்டும் வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரும் வருவதில்லை. முதல் நோட்டில் அம்மாவின் எழுத்து அவசரத்தில் சாய்ந்து ஓடுகிறது. இதில் பள்ளிக்கூடக் கையெழுத்துப் போல நிமிர்ந்து நிற்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது செக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணின் பெயரில் நின்றுவிட்டேன். ஒரு பாடத்தில் அவள் ஜனவரியில் வேலைக்கு வருகிறாள். மற்றதில் ஆகஸ்டில். கல்யாணமான பிள்ளைகள் எப்போது நின்றுவிடுவார்கள் என்று தெரியாது, கொஞ்ச மாதம் போகட்டும், பிறகு இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். 2018 பிப்ரவரியில் அவளுக்குப் பிரசவம். இ.எஸ்.ஐ. மகப்பேற்றுப் பயன் என்பது 26 வாரச் சம்பளம். அதற்கு, குறிப்பிட்ட இரண்டு பங்களிப்புக் காலங்களில், அதாவது அவள் விஷயத்தில் 2017 செப்டம்பர் வரையிலான ஓராண்டில், 70 நாள்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆகஸ்டும் செப்டம்பரும் சேர்ந்து அவளுக்கு 51 நாள்.

அவளிடம் மூன்றாவது பாடம் ஒன்று இருந்தது. மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர். ஒரு ஷிப்டுக்கு ஒரு கோடு, ஒன்றரை என்றால் பக்கத்தில் ஒரு குட்டிக் கோடு. அதே கட்டங்களில் பால் கணக்கு, சிலிண்டர் வந்த நாள், தீட்டு நாளுக்கு ஒரு வட்டம். மே மாதத்துக்குப் பிறகு வட்டம் இல்லை. கோடுகள் மட்டும் தொடர்ந்து போகின்றன. ஜனவரி முதல் எல்லாக் கோடுகளும் முதல் நோட்டோடு ஒத்துப்போகும். அதை எடுத்துக்கொண்டு அவள் கம்பெனிக்கு வந்தாள். காலண்டரை யாராவது ஆதாரம் என்பார்களா என்று முதலாளி கேட்டாராம்.

பெண்ணெழுத்து என்று நாம் பேசும்போது கவிதையை, தன்வரலாற்றை, நாட்குறிப்பை எடுத்துக்கொள்கிறோம். நானே அப்படி மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அந்தக் காலண்டரை எந்த வகைமையில் வைப்பது என்று என் கட்டுரைகள் எதிலும் இடமில்லை. அம்மாவின் இரண்டாவது நோட்டுக்கும் இடமில்லை, அதுவும் ஒரு பெண் எழுதியதுதான். இங்கேதான் எனக்குச் சங்கடம். பெண் எழுதினாள் என்பதாலேயே ஒரு பிரதி பெண்களின் பக்கம் நின்றுவிடாது. 19 நாள் குறைந்த அந்தப் பக்கத்தில் இருப்பது நான் ரேங்க் கார்டில் பார்த்து வளர்ந்த அதே கையெழுத்து. அந்தச் சம்பளத்தில்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினாள். முதலாளியை மட்டும் குற்றம் சொல்லி ஒரு கட்டுரை எழுதிவிட என்னால் முடியும். அது இரண்டாவது நோட்டைப் போலத் திருத்தமே இல்லாமல் இருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டு நோட்டிலும் அம்மாவின் பெயர் இல்லை. ஆபீஸ் ஸ்டாஃப் என்று மாதச் சம்பளம். வருகையும் கிடையாது, ஓ.டி.யும் கிடையாது.

“வெள்ளிக்கிழமைல உனக்கு எத்தன ஷிப்ட்டும்மா?” என்று கேட்டேன்.

“எனக்கேது கண்ணு ஷிப்ட்டு” என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நோட்டுகளை மறுபடி அலமாரியில் வைக்கப் போனபோது, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்: “அந்தப் புள்ள காலண்டர வெச்சுட்டுப் போனப்ப நான் எண்ணிப் பாத்தேன். ஒரு நாள்கூடத் தப்பில்ல.”