இரண்டு லயம்

ஏலப்பாறையில் லயம் என்றால் வீடு. தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிவந்த தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய அறைகள்; 'லைன்' என்ற சொல் தோட்டத்து வாயில் லயமாகிவிட்டது. வடக்கே பாலக்காட்டு அக்கிரகாரத்தில் அதே சொல்லைச் சொன்னால் மிருதங்கம்தான் நினைவுக்கு வரும். அங்கேயும் தமிழர்தான். கல்பாத்திக்குப் போனவர்கள் காவிரிக்கரையிலிருந்து சங்கீதத்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

பாலக்காட்டில் பாட்டுக்குக் குறைவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர், எம்.டி. ராமநாதன், கே.வி. நாராயணஸ்வாமி என்று பட்டியல் கனமானது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸைச் சீடராக ஏற்றவர் செம்பை. ஆனாலும் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது தாளத்தோடுதான். ரங்கூனில் பிறந்த மிருதங்கக்காரர் ரகுவே பாலக்காடு ரகு ஆனார் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் பாலக்காடு மணி ஐயர் (1912–1981). சாத்தபுரம் சுப்பையரிடமும் பிறகு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடமும் கற்றவர். 1966இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. பிடிவாதக்காரர். ஒலிபெருக்கி வைத்தால் வாசிப்பதில்லை என்று ஒரு கட்டத்தில் நின்றார். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்து, பின்னால் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். முதல் பிடிவாதத்துக்கு நாதம் காரணம். இரண்டாவதற்கு நியாயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த நாதம் எங்கிருந்து வந்தது? பலாக்கட்டையும் தோலும்தான். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். வலந்தலையில் கிட்டான் கல்லைப் பொடித்துச் சோற்றோடு குழைத்து, ஒவ்வொரு பூச்சாக வைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கரணையை எழுப்புவார்கள். இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து கச்சேரிக்குச் சற்று முன் அப்புவது. கூடினால் அமுங்கும், குறைந்தால் அடித்தொனி எழாது. முடிந்ததும் சுரண்டிப் போட்டுவிடலாம். வித்வான் கையால் செய்வது பெரும்பாலும் இந்த ரவை வேலையோடு சரி. தோலை அறுத்து, ஊறவைத்து, வார் இழுத்து மூட்டுவது வேறு கைகள்.

மணி ஐயருக்கு அந்தக் கை தஞ்சாவூர்ப் பர்லாந்து. மிருதங்கம் செய்யும் செபஸ்தியான் குடும்பத்தின் வழிவந்த தலித் கிறிஸ்தவர். ஐயர் கேட்ட தொனிக்காகத் தோலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவர். இப்படிப்பட்ட குடும்பங்களின் கதையைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் புத்தகமாக எழுதினார். வெளியீட்டு விழாவுக்குத் தந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. மிருதங்கம் மேடையேறலாம், அதன் தோல் எங்கிருந்து வந்தது என்ற பேச்சு ஏறக்கூடாது என்பது விசித்திரமான ஆசாரம்.

இப்போது செயற்கைத் தோல் மிருதங்கம் வந்திருக்கிறது. எருமைவாருக்குப் பதில் நட்டும் போல்ட்டும் போட்டுச் சாவியால் முறுக்கிச் சுருதி சேர்க்கலாம். வெளிநாட்டுப் பயணத்துக்கு வசதி, மழையில் தொய்யாது. தோலின் கார்வைக்கு அது ஈடாகாது என்போர் இன்னும் தோலைத்தான் தேடுகிறார்கள்.

தோலுக்கு ஈரம் ஆகாது. மிருதங்கத்தின் விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி ஏற்றுவார்கள். ஏலப்பாறை லயத்தில் அடிக்கும் தப்புப் பறைக்கு அந்த வேலையை நெருப்பு செய்யும்: மலைக் குளிரில் தொய்ந்த தோலைச் சருகுத் தீயில் காட்டி, விரலால் சுண்டி, காதருகே வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டுவார்கள்.