கன ராக் இசையில் அச்சமும் அழுகையும்

அச்சம் பிறக்கும் களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை எனவும், அழுகை பிறக்கும் களன்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை எனவும் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நந்நான்காக வகுத்தார். இவ்வகுப்புச் செய்யுளை நோக்கி எழுந்தது. சொல்லைப் பெரிதும் துணைக்கொள்ளாத இசைக்கும் இது பொருந்துமா என்னும் வினா நமக்கு நெடுநாளாக உண்டு. மேலைநாட்டுக் கன ராக் இசை இவ்வினாவிற்கு ஏற்ற உரைகல்லாகும். அதனை வெற்றிரைச்சல் என்று ஒதுக்குவோர் நம்முட் பலர். ஒதுக்குமுன் சில இசைத்தட்டுகளையேனும் செவ்விதிற் கேட்டல் வேண்டும்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரிற் தோன்றிய பிளாக் சாபத் குழுவினர், தம் பெயரையே தாங்கிய முதல் இசைத்தட்டை 1970ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியிட்டனர். அதன் முதற்பாட்டு மழையொலியோடும் மணியோசையோடும் தொடங்குகின்றது. பின்னர்க் கித்தார் மூன்றே சுரங்களை மெல்ல எழுப்புகின்றது: சட்சம், மேற்சட்சம், பிரதி மத்திமம். பிரதி மத்திமம் நம் செவிக்கு அயலானதன்று. கலியாணியிற் கேட்டுப் பழகியதே. ஆயின் ஆங்குத் தம்புராவின் பஞ்சமம் உடன்நின்று அதனைத் தாங்கும். ஈண்டு அத்தாங்கல் இல்லை. சுரம் நின்ற இடத்திலேயே நடுங்குகின்றது. அதன்மேல், கருநிற உருவொன்று தன்னைச் சுட்டி நிற்பதாகப் பாடுகின்றார் ஆசி ஆஸ்பர்ன் (இவர் 2025இல் மறைந்தார்). சொல் வருமுன்னரே அச்சம் வந்துவிடுகின்றது என்பதே நாம் கருதத்தக்கது. இஃது அணங்கு பற்றி வந்த அச்சம் எனத் தடையின்றிக் கூறலாம்.

இக்குழுவின் கித்தார்க் கலைஞர் டோனி அயோமி, இளமையில் உலோகத்தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கையின் இருவிரல் நுனிகளை இழந்தவர். இடக்கை வழக்கினராதலின் நரம்பை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்டிக்கை உருக்கி விரற்கவசம் செய்துகொண்டு வாசித்தார். 1971ஆம் ஆண்டு இசைத்தட்டில் நரம்புகளை மூன்று அரைச்சுரம் தாழ்த்திக் கட்டினார். இறுக்கம் குறைய விரலுக்கு எளிதாயிற்று. ஒலியும் தடித்துக் கனத்தது. கனம் என்பது உரத்த ஒலியன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. தாழ்ந்த சுரம், மெதுவான காலம், மீண்டும் மீண்டும் வருதல் ஆகிய மூன்றுமே கனத்தைத் தருவன. மெல்லக் கேட்பினும் இம்மூன்றும் குன்றா. வேக இசையை எத்துணை உரக்கக் கேட்பினும் இவை வாரா.

கலிபோர்னியாவின் ஓக்லாந்தைச் சேர்ந்த நியூரோசிஸ் குழுவினர் 1990களில் இக்கனத்தைப் பத்து நிமிடத்திற்கும் மேற்பட நீட்டிக் காட்டினர். அவர்தம் வழியிலே எழுந்தது பாஸ்டன் நகரில் 1997இல் தொடங்கி 2010இற் கலைந்த ஐசிஸ் குழு. இக்குழுவின் 'ஓஷியானிக்' (2002), 'பனாப்டிகான்' (2004) என்னும் இரண்டே நம் ஆய்வின் நடுவிடம்.

ஓஷியானிக், ஒருவன் நீரில் மூழ்கி மாய்தலைப் பொருளாக உடையது. பாடுவோரின் முழக்கக் குரலிற் சொற்கள் பெரும்பாலும் விளங்கா. சொல் விளங்காதது பாட்டாகுமோ என்பார் கேள்வி நேர்மையானது. நாமும் அதனைக் கேட்டவரே. 'வெயிட்' என்னும் பகுதியைக் கேட்டபின் நம் கருத்து மாறியது. ஏறத்தாழப் பதினொரு நிமிடம் ஓடும் அப்பகுதி ஒரு சிறு தொடரையே பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறுகின்றது. எங்கும் விரைவில்லை. முழக்கக் குரல் ஓய்ந்த இடத்தில் பெண்குரல் மிதந்து வருகின்றது. மாய்ந்தான்பொருட்டு அழுவார் குரலோ, அவனை அழைக்கும் நீரின் குரலோ என்று துணிய இயலவில்லை. துணியாமையே அதன் ஆற்றல். இழவு பற்றிய அழுகை ஈண்டு ஐயமின்றிப் பிறக்கின்றது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இழந்தவர் யார், இழக்கப்பட்டவர் யார் என்பதனை இசை மட்டும் கேட்போர் அறியார். மெய்ப்பாடு உண்டு, அது யார்மாட்டு நிகழ்ந்தது என்பதற்கு அச்சிட்ட தாளை நாட வேண்டியுளது. அஃது ஒரு குறையே.

பனாப்டிகானே இக்குழுவின் தலைசிறந்த ஆக்கம் என்பார் பலர். முதன்முறை கேட்டபோது நாமும் அவ்வாறே எண்ணினோம். இப்பொழுது உடன்படுதற்கு இல்லை. பனாப்டிகான் என்பது ஜெரிமி பெந்தாம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த சிறையின் பெயர்: சுற்றிலும் அறைகள், நடுவே ஒரு கோபுரம், கோபுரத்தில் இருப்பவன் தன்னை நோக்குகின்றானா என்பதனை அறையில் இருப்பவன் அறியான். மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட நூலில் இதனை இக்கால அதிகாரத்தின் வடிவமாகவே கண்டார். ஆதலின் இவ்விசைத்தட்டிற் பிறக்க வேண்டுவது இறை பற்றிய அச்சம். அது பிறக்கின்றதா?

இசையோ விரிந்தது, அகன்றது, கித்தார்கள் தெளிந்த நீர்போல் ஓடுகின்றன, மேலெழும் இடந்தோறும் உள்ளம் மகிழ்கின்றது. மேலுறையிலும் வானிலிருந்து எடுத்த நிலக்காட்சியே உள்ளது. கேட்போன் அறையில் நிற்கவில்லை. கோபுரத்தின்மேல் நின்று எல்லாவற்றையும் காண்கின்றான். காண்பானுக்கு உரியது மருட்கை. காணப்படுவானுக்கு உரியதே அச்சம். தன் பொருளுக்கு மாறான மெய்ப்பாட்டை எழுப்பும் ஆக்கம் அழகியதாக இருக்கலாம், இஃது அழகியதே. ஆயின் எடுத்த பொருளை முடித்ததாகாது. பின்வந்த குழுவினர் பலர் அமைதியிற் தொடங்கிப் பேரொலியில் முடியும் அதன் புறவடிவை மட்டும் பின்பற்றியமைக்கும் இதுவே காரணம் போலும். அவர்களைப் பற்றி விரித்துக் கூற ஒன்றுமில்லை.

நம் கருத்துக்கு மாறாகக் காட்டத்தக்க இடம் ஒன்று உண்டு. பனாப்டிகானின் முதற்பகுதி எவ்வகை முன்னறிவிப்புமின்றி முழுக் கனத்தோடும் நம்மேல் விழுகின்றது. அச்சிறுபொழுதில் நாம் அறைக்குள்ளேயே நிற்கின்றோம்; எங்கிருந்து வந்தது என நோக்கவும் இடமில்லை. பின்னர் முழக்கம் தணிந்து கித்தார்கள் தெளிகின்றன. நாமும் கோபுரத்திற்கு ஏறிவிடுகின்றோம்.